பட்டம் படித்தால் பஞ்சம் தீருமா?

பிளஸ் டூ பரீட்சை முடிவு வெளிவந்த வாரம் அது. இலுப்பூரில் நம் சங்க ஆபீசுக்கு ஒரு அம்மாள் வந்தார். அன்னவாசல் பக்கத்துக் கிராமம். கூலி வேலை. விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் பல வருஷமாக அங்கத்தினர். மகள் 600-க்கு 431 மார்க் வாங்கித் தேறியிருக்கிறாள். அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல வந்தவர், சொல்லி முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்.

“அண்ணே, ஒரே வாரத்துல வீட்டுக்கு ரெண்டு பேரு வந்துட்டுப் போயிட்டாங்க. ஒருத்தரு மில்லு ஏஜெண்டு. பொண்ண அனுப்பி வைங்க, ஆஸ்டல் சோறு, மாசச் சம்பளம், கையில அட்வான்சுங்கறாரு. இன்னொருத்தரு காலேஜு ஏஜெண்டு. மொதல்ல பத்தாயிரம் கட்டுங்க, மிச்சத்துக்கு லோன் வாங்கித் தர்றோம், படிச்சு முடிச்சா வேலை உத்தரவாதம்ங்கறாரு. எங்கிட்ட இருக்குறது ஒரு பசு மாடு, ரெண்டு ஆடு, காதுல கெடக்குற தோடு. அத வித்துப் படிக்க வச்சா புள்ள பொழச்சுக்குமா? உறுதியாச் சொல்லுங்கண்ணே.”

தோழர்களே, உறுதியாகச் சொல்ல எனக்கு நா எழவில்லை. காரணம் இருக்கிறது.

2011-ம் வருஷம் இதே கேள்வியை என் அக்காள் என்னிடம் கேட்டாள். அவள் மகனை இன்ஜினீயரிங் காலேஜில் சேர்ப்பதா வேண்டாமா என்று. “சேர்த்துவிடு அக்கா, இன்ஜினீயர் ஆகிவிட்டால் உன் தலைமுறைக் கஷ்டமே தீர்ந்துவிடும்” என்று சொன்னவன் நான்தான். எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றுபோனவன் நான். படித்தவன் பிழைத்துக்கொள்வான் என்ற நம்பிக்கை எனக்குள்ளும் ஊறிக் கிடந்தது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்குத் தமிழ்நாடு அரசு 2010-ல் கொண்டுவந்த கல்விக் கட்டணச் சலுகை கிடைத்தது. ஆனால் பஸ் பீஸ், ஹாஸ்டல் பீஸ், அந்த பீஸ், இந்த பீஸ் என்று கடன் மூன்று லட்சம் ஆயிற்று. பையன் ஒரு பேப்பர்கூடத் தவறவிடாமல் முதல் வகுப்பில் தேறினான். 2015-ல் வெளியே வந்தான். திருச்சிப் பக்கம் ஒரு பட்டறையில் ஏழாயிரம் ரூபாய்க்கு ஹெல்பர். பிறகு சென்னையில் இரண்டு சக்கர வண்டியில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகும் வேலை. இப்போது விராலிமலைப் பக்கம் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் தொழிலாளி. அவனுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. கடன் இன்னும் தீரவில்லை.

ஒரு நாள் அவன் என்னிடம் சொன்னான்: “தப்பு என் பேர்லதான் மாமா. இன்னும் நல்லாப் படிச்சிருக்கணும்.”

இந்த வார்த்தைதான் என் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. முதல் வகுப்பில் தேறியவன் தன்னையே குற்றவாளியாக்கிக் கொள்கிறான். அவன் அப்பனோ அவனைத் “தண்டச்சோறு” என்கிறான். நம் வீடுகளில் எத்தனை வீடுகளில் இந்தச் சண்டை நடக்கிறது! ஆகவே அந்த அம்மாளின் கேள்விக்கு விடை தேடியாக வேண்டும். உழைப்பும் பட்டமும் இருந்தால் போதும், வாழ்க்கைக்கு உத்தரவாதம் உண்டு என்கிறார்களே, அது உண்மையா?

உழைப்பில் குறையா?

முதலில் உழைப்பைப் பார்ப்போம். “உழைத்தால் உயரலாம்” என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதி வைக்கிறார்கள். மேடையில் பேசுகிறார்கள். பேசுகிறவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் அவர் நாற்று நட்டவராக இருக்கமாட்டார்.

விடியற்காலையில் எழுந்து சோறாக்கி வைத்துவிட்டு, ஏழு மணிக்குச் சேற்றில் இறங்கி, குனிந்த முதுகு நிமிராமல் நடவு நடுகிற பெண்ணைவிட அதிகமாக உழைக்கிறவர் இந்த நாட்டில் யார்? பஞ்சுத் தூசியை விழுங்கிக்கொண்டு, ஓடுகிற மெஷினுக்கு முன்னால் ஷிப்டு முழுவதும் நடந்து நடந்து, அறுந்த இழையை ஒட்டுகிற மில் தொழிலாளியைவிட அதிகமாகக் கால் தேய நடக்கிறவர் யார்? உழைப்புக்கு உத்தரவாதம் உண்டென்றால், இவர்கள் வீட்டில் அல்லவா மாடி எழும்பியிருக்க வேண்டும்?

உழைப்பு செல்வத்தை உண்டாக்குகிறது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் உண்டாக்கியவன் கையில் அது தங்குகிறதா என்பதுதான் கேள்வி. நிலம் யாருடையது, மெஷின் யாருடையது, கூலியைத் தீர்மானிப்பவர் யார் என்பதைப் பொறுத்தது அது. தலைமுறை தலைமுறையாக நாம் இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டவர்கள். அதனால்தான், “நம் பிள்ளையாவது படித்துத் தப்பித்துக்கொள்ளட்டும்” என்று நினைக்கிறோம். நினைப்பு நியாயமானது. ஆனால் தப்பிக்கும் வழி திறந்திருக்கிறதா?

கண்மாயும் மீனும்

எங்கள் வட்டாரத்தில் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். கரையில் நிற்கிற பெரியவர் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா, வலை எல்லாம் எடுத்துக்கொண்டு சுற்றுப்பட்டு ஜனங்கள் அத்தனை பேரும் தண்ணீரில் இறங்குவார்கள். வேகமும் கைத்திறனும் உள்ளவன் விராலோடு கரையேறுவான். மற்றவன் சேற்றோடு கரையேறுவான்.

சரி, கண்மாயில் ஐநூறு மீன் கிடக்கிறது, இறங்கியவர்கள் ஆயிரம் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆயிரம் பேரும் கைதேர்ந்தவர்களாகி விட்டால் என்ன ஆகும்? மீன் ஆயிரமாகுமா? ஆகாது. ஆளுக்கு ஒன்று என்று பிடித்தாலும் ஐநூறு பேர் வெறுங்கையோடுதான் வீடு திரும்ப வேண்டும். திறமை யாருக்கு மீன் என்பதைத்தான் தீர்மானிக்கும். எத்தனை மீன் என்பதைத் தீர்மானிக்காது.

சர்க்கார் உத்தியோகக் கண்மாயைப் பாருங்கள். 2024-ல் தேர்வாணையம் குரூப் 4 பரீட்சை நடத்தியது. அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்பு. ஆரம்ப அறிவிப்பில் இருந்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். பிற்பாடு இடங்களைக் கூட்டியதில் ஒன்பதாயிரம் தாண்டிற்று. பத்தாயிரம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இருநூறு பேருக்கு ஓர் இடம்! பத்தாம் வகுப்பு போதும் என்ற இடத்துக்குப் பட்டம் படித்தவர்கள், முதுகலை படித்தவர்கள், இன்ஜினீயர்கள் எல்லோரும் முண்டுகிறார்கள். அடுத்த பரீட்சைக்கு அந்த 20 லட்சம் பேரும் ராப்பகல் தூங்காமல் படித்தால் என்ன ஆகும்? கட்-ஆப் மார்க் ஏறும். கோச்சிங் சென்டர்காரர் வருமானம் ஏறும். இடம் ஏறாது.

தமிழ்நாட்டில் காலேஜ் போகும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. 2021-22 கணக்குப்படி, 18 முதல் 23 வயது வரையுள்ளோர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் உயர்கல்வியில் சேர்ந்தவர்கள் இங்கே 47 சதவீதம். இந்தியா முழுவதற்கும் 28.4 சதவீதம்தான். இது பெருமைப்பட வேண்டிய விஷயம். ஏழைகள் பட்டினி கிடந்து பிள்ளைகளைப் படிக்க வைத்ததன் பலன். ஆனால் 2023-ல் இதே தமிழ்நாட்டின் வேலைவாய்ப்பு அலுவலகங்களில் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தவர்கள் 60 லட்சத்துக்கும் மேல். அவர்களில் பட்டதாரிக்குச் சர்க்கார் வைத்திருக்கும் உதவித்தொகை மாதம் 600 ரூபாய். அதுவும் பதிந்து ஐந்து வருஷம் காத்திருந்த பிறகு, மூன்று வருஷத்துக்கு மட்டும்! அறுநூறு ரூபாயில் அரிசி வாங்குவதா, அடுத்த பரீட்சைக்குப் பணம் கட்டுவதா?

ஒரே பட்டம், இரண்டு வீடு

சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2024-ல் இந்தியாவின் வேலை நிலைமை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 2022-ம் வருஷக் கணக்கு அதில் இருக்கிறது. இளைஞர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடையே வேலையில்லாதவர்கள் 3.4 சதவீதம். பட்டதாரிகளிடையே 29.1 சதவீதம்.

இதைப் படித்துவிட்டு, “பார்த்தாயா, படிக்காதவனுக்குத்தான் வேலை கிடைக்கிறது, எதற்குப் படிப்பு?” என்று சிலர் கிளம்புகிறார்கள். அது தவறு. எழுதப் படிக்கத் தெரியாதவன் நன்றாக வாழ்கிறான் என்று இந்தக் கணக்கு சொல்லவில்லை. அவனால் ஒரு நாள்கூடச் சும்மா இருக்க முடியாது என்பதுதான் இதன் அர்த்தம். கிடைத்த கூலிக்குக் கிடைத்த வேலையைச் செய்தால்தான் அன்று இரவு உலை கொதிக்கும். அந்தக் கூலி வயிற்றுக்குப் போதாவிட்டாலும் கணக்கில் அவன் “வேலையுள்ளவன்”!

இதிலிருந்து இன்னொரு விஷயமும் விளங்கும். ஒரே காலேஜில், ஒரே வகுப்பில், ஒரே பட்டம் வாங்கிய இரண்டு பையன்களை எண்ணிப் பாருங்கள். ஒருவன் வீட்டில் பத்து ஏக்கர் நஞ்சையும் டவுனில் இரண்டு கடையும் இருக்கிறது. மற்றவன் வீட்டில் ஒரு பசு மாடு. முதல் பையன் மூன்று வருஷம் காத்திருப்பான். கோச்சிங் போவான், மறுபடி மறுபடி பரீட்சை எழுதுவான், பிடிக்காத வேலையை உதறுவான். இரண்டாமவனால் மூன்று மாதம் காத்திருக்க முடியாது. கடன் தவணை கழுத்தைப் பிடிக்கும். முதலில் வந்த வேலையை, சொன்ன சம்பளத்துக்கு ஒப்புக்கொள்வான். ஐந்து வருஷம் கழித்து முதலாமவனைக் காட்டி, “படிப்பு அவனை உயர்த்தியது” என்பார்கள். இரண்டாமவனைக் காட்டி, “சாமர்த்தியம் போதாது” என்பார்கள். பட்டம் ஒன்றுதான். காத்திருக்கும் பலம் ஒன்றல்ல. பத்திரம் பட்டத்தில் இல்லை. வீட்டுச் சொத்தில் இருந்தது.

முதலாளிக்கு இதனால் நஷ்டமா? வாசலில் நூறு பட்டதாரிகள் நின்றால் உள்ளே இருக்கும் பத்துத் தொழிலாளி வாயைத் திறக்கமாட்டான். “உனக்குப் பிடிக்காவிட்டால் போ, வெளியே ஆள் நிற்கிறது” என்ற வார்த்தையைக் கேட்காத மில் தொழிலாளி உண்டா? வேலையில்லாதோர் பட்டாளம் முதலாளித்துவத்துக்குத் தற்செயலாக வந்த வியாதி அல்ல, அதன் தேவை என்று மார்க்ஸ் 1867-ல் வெளிவந்த தமது “மூலதனம்” நூலில் விளக்கினார். அந்தப் பட்டாளத்தில் இன்று பட்டம் பெற்றவர்களும் சேர்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

சர்க்கார் காட்டும் வழி

“தனியார் முதலாளிகள் அப்படித்தான். சர்க்கார் அப்படியா?” என்று கேட்கலாம்.

2012-ல் தமிழ்நாடு அரசு பள்ளிகளில் ஓவியம், தையல், உடற்பயிற்சி, கம்ப்யூட்டர் போன்ற பாடங்களுக்குப் பகுதிநேர ஆசிரியர்கள் 16,549 பேரை நியமித்தது. மாதச் சம்பளம் ரூ. 5,000. பன்னிரண்டு வருஷம் போராடியும் 2024-ல் அது ரூ. 12,500-ஐத்தான் எட்டியது. நிரந்தரம் செய்வோம் என்ற வாக்குறுதி தேர்தலுக்குத் தேர்தல் வந்து போயிற்று.

கல்லூரிகளின் கதை என்ன? முதுகலை முடித்து, டாக்டர் பட்டமும் பெற்று, அரசுக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவருக்குக் “கௌரவ விரிவுரையாளர்” என்று பெயர். பெயரில் கௌரவம் இருக்கிறது. சம்பளத்தில் இல்லை. மாதம் ரூ. 50,000 வரை கொடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக்குழு 2019-ல் சொல்லிற்று. அதற்குப் பிறகும் பல வருஷங்கள் இங்கே அதில் பாதியைத் தாண்டாமல்தான் கொடுத்தார்கள். பட்டத்துக்கு மேல் பட்டமிருந்தும் உத்தரவாதம் எங்கே? ஒரே வேலை செய்கிற தற்காலிகத் தொழிலாளிக்கும் நிரந்தரத் தொழிலாளிக்குரிய சம்பளம் தர வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2016 அக்டோபரில் ஒரு பஞ்சாப் வழக்கில் தீர்ப்பளித்தது. தீர்ப்பு புத்தகத்தில் இருக்கிறது.

2019 நவம்பரில் கோவை மாநகராட்சியில் நடந்ததையும் நினைவுபடுத்த வேண்டும். துப்புரவுத் தொழிலாளர் வேலை 549 இடங்கள். ஏறக்குறைய ஏழாயிரம் பேர் விண்ணப்பம் கொடுத்தார்கள். வரிசையில் பட்டதாரிகள், இன்ஜினீயர்கள். பத்திரிகைகள் இதை ஒரு வேடிக்கையாக எழுதின. வேடிக்கை என்ன இருக்கிறது? அந்த வேலைக்கு ஆரம்பச் சம்பளம் ரூ. 15,700. தனியார் கம்பெனியில் ஆறாயிரத்துக்கும் ஏழாயிரத்துக்கும் நாள் முழுக்க மாரடித்தவர்கள் அந்த வரிசைக்கு வந்தார்கள். அவர்கள் தேடி வந்தது துடைப்பத்தை அல்ல. நிரந்தர வேலையை. பட்டம் கொடுக்காத பத்திரத்தை நிரந்தர வேலை கொடுக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நமக்கு அவர்கள் கற்றுக்கொடுத்த பாடம் இது.

இது நம் ஊர் விவகாரம் மட்டும் அல்ல. பணக்கார அமெரிக்காவில் படிப்புக்காக வாங்கிய கடன் பாக்கி 1.6 லட்சம் கோடி டாலருக்கும் மேல் நிற்கிறது. பக்கத்து இலங்கையில் இலவசக் கல்வி வந்தது, கிராமத்துப் பிள்ளைகள் படித்தார்கள், வேலை வரவில்லை. 1971 ஏப்ரலில் அங்கே மூண்ட கிளர்ச்சியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் படித்துவிட்டு வேலையின்றி இருந்த இளைஞர்கள். ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். படிப்பைக் கொடுத்துவிட்டு வாழ்க்கையை மறுக்கிற சமூகம் எங்கேயும் நிம்மதியாக இருந்ததில்லை.

பத்திரம் எங்கிருந்து வந்தது?

அப்படியானால் வாழ்க்கைக்குப் பத்திரம் என்பதே உழைப்பாளிக்குக் கிடைத்ததில்லையா? கிடைத்திருக்கிறது. எப்படிக் கிடைத்தது என்பதைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

கோவைப் பக்கத்து மில்களில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பழைய தொழிலாளிகளைக் கேட்டுப் பாருங்கள். ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்பு. சிலர் கைநாட்டு. பட்டம் கிடையாது. ஆனால் பெர்மனென்ட் வேலை இருந்தது. வியாதி வந்தால் இ.எஸ்.ஐ., வயதானால் பி.எப்., தீபாவளிக்குப் போனஸ், வேலையை விட்டு நிற்கும்போது கிராஜுவிட்டி. அதை வைத்துச் சிறு வீடு கட்டினார்கள், பெண்ணுக்குக் கலியாணம் செய்தார்கள், பிள்ளையைப் படிக்க வைத்தார்கள்.

இவையெல்லாம் முதலாளிகள் மனமிரங்கிக் கொடுத்தவையா? இ.எஸ்.ஐ. சட்டம் 1948. பி.எப். சட்டம் 1952. போனஸ் சட்டம் 1965. கிராஜுவிட்டிச் சட்டம் 1972. ஒவ்வொன்றுக்கும் பின்னால் வேலைநிறுத்தம், தடியடி, சிறை இருக்கிறது. கோவை மில் தொழிலாளர் போராட்டத்தில் சின்னியம்பாளையம் தோழர்கள் நால்வர் 1946 ஜனவரி 8-ம் தேதி தூக்குமேடை ஏறினார்கள். அவர்களில் எவரும் காலேஜ் படி மிதித்தவர் அல்ல.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கம்பெனி வந்தபோது படித்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் போனார்கள். நல்ல கட்டிடம், யூனிபாரம், பஸ். 2014 நவம்பர் 1-ம் தேதி உற்பத்தி நின்றது. கதவு மூடப்பட்டது. அவர்களுடைய சர்டிபிகேட் அவர்களைக் காப்பாற்றவில்லை. அதே ஸ்ரீபெரும்புதூரில் 2024 செப்டம்பரில் சாம்சங் தொழிலாளர்கள் தங்கள் சங்கத்தை ஏற்கச் சொல்லி 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. அவர்களுக்கு எல்லாம் கிடைத்துவிட்டது என்று சொல்லவில்லை. ஆனால் “தனித்தனியாகச் சாமர்த்தியம் காட்டினால் போதும்” என்ற மயக்கத்திலிருந்து அவர்கள் வெளியே வந்துவிட்டார்கள்.

கிடைத்ததையும் பறிக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சர்க்கார் வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் முறை பறிபோயிற்று. 2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. முன்பு நூறு தொழிலாளர் உள்ள ஆலையை மூடச் சர்க்கார் அனுமதி வேண்டும். இப்போது முந்நூறு பேர் இருந்தால்தான் வேண்டும். இத்தனை மாதம், இத்தனை வருஷம் என்று காலம் குறித்து ஆள் எடுக்கும் முறையும் சட்டத்தில் ஏறிவிட்டது. நாளை பட்டத்தோடு போகிற உங்கள் பிள்ளை கையெழுத்துப் போடப் போவது இந்தக் காகிதத்தில்தான்.

அப்படியானால் படிக்க வேண்டாமா?

அந்த அம்மாள் என்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். “அப்ப படிக்க வைக்க வேணாம்ங்கறீங்களாண்ணே?” என்றார்.

இல்லை, தோழர்களே! ஆயிரம் தடவை இல்லை!

நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இதில் ஒரு சரித்திரமே உண்டு. 1991-ல் அறிவொளி இயக்கம் வந்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எனக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயது. பகலெல்லாம் கடலை பறித்துவிட்டு வந்த என் தாய், ராத்திரி லைட் கம்பத்தடியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினாள். கைநாட்டு வைத்தவள் கையெழுத்துப் போட்டாள். மாவட்டம் முழுவதும் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள்.

இலுப்பூருக்குப் பக்கத்திலுள்ள குடுமியான்மலைப் பகுதியில் குவாரியில் கல் உடைத்த பெண்கள் இருந்தார்கள். காண்ட்ராக்டரிடம் கடன்பட்டுக் கொத்தடிமையாகக் கிடந்தவர்கள். அவர்கள் எழுத்துக் கற்றார்கள். கணக்குக் கற்றார்கள். கற்றதோடு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளவில்லை. குழுவாகச் சேர்ந்தார்கள். குவாரிக் குத்தகையைத் தங்கள் பெயருக்கே வாங்கினார்கள். உடைத்த கல்லின் விலை முதன்முதலாக உடைத்தவர் கைக்கு வந்தது. பட்டம் வாங்கியா இதைச் சாதித்தார்கள்? கொஞ்சம் எழுத்து, கொஞ்சம் கணக்கு, நிறைய ஒற்றுமை. காண்ட்ராக்டர்கள் சும்மா இருப்பார்களா? எதிர்த்தார்கள். அந்தக் குத்தகைகள் நிலைக்கவில்லை. எழுத்து அப்போதும் அந்தப் பெண்களிடம் இருந்தது. கூட்டுப் பலம் தளர்ந்த இடத்தில் குத்தகை கைமாறிற்று. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பாடம் முழுதாகும்.

ஆகவே படிப்பு வேண்டும். கூலிக்காரன் மகன் கூலிக்காரனாகவே இருக்கட்டும் என்று சொல்கிறவன் நமக்கு நண்பன் அல்ல. படித்த பெண்ணைச் சூபர்வைசர் அதட்டத் தயங்குவான். படித்தவன் சம்பளச் சீட்டைப் படிப்பான். நிரந்தர வேலை கிடைத்தால் பட்டதாரியின் வருமானம் கூலிக்காரன் வருமானத்தைவிட அதிகம் என்பதையும் யாரும் மறுக்கவில்லை. ஆனால், “பட்டம் வாங்கினால் போதும், பத்திரம் வந்துவிடும்” என்று ஏஜெண்டு சொல்வதை நம்பி மாட்டை விற்காதீர்கள். அந்த ஏஜெண்டு சொல்வதும், “மூன்று வருஷம் மில்லில் இரு, கலியாணத்துக்குப் பணம்” என்று மற்ற ஏஜெண்டு சொல்வதும் ஒரே ரகம். இருவரும் விற்பது நம் பயத்தை.

என்ன செய்வது?

அந்த அம்மாளிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, அரசுக் கல்லூரியை முதலில் பாருங்கள். புதுக்கோட்டையில் மன்னர் கல்லூரி இருக்கிறது, அரசு மகளிர் கலைக் கல்லூரி இருக்கிறது. தொழில் கற்க அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்கும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டம் 2022-ல் வந்தது. அதைக் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்து கூப்பிடுகிற காலேஜ் எதற்காகக் கூப்பிடுகிறது என்று யோசியுங்கள்.

இரண்டாவது, படிப்புக் கடன் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். வட்டி எப்போது ஓட ஆரம்பிக்கும், தவணை என்ன, ஜாமீன் யார் என்று படித்துப் பார்ப்போம்.

மூன்றாவது, படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிற மகனைத் தண்டச்சோறு என்று சொல்லாதீர்கள். இருநூறு பேருக்கு ஓர் இடம் என்று வைத்தவன் அவன் அல்ல. அவனை ஏசினால் அவன் தன்னைத்தானே வெறுப்பான். வெறுப்பு எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கம் திரும்பாது.

நான்காவது, அவனைச் சங்கத்துக்கு அழைத்து வாருங்கள். என் அக்காள் மகன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபீசுக்கு வருகிறான். மில் தொழிலாளர்களின் செல்போனில் பி.எப். கணக்கைத் திறந்து பார்த்துச் சொல்கிறான். சம்பளத்தில் பிடித்த பணம் கணக்கில் ஏறவில்லை என்று 22 பேருக்குக் கண்டுபிடித்தான். மனு எழுதினான். அவன் கடன் இதனால் தீர்ந்துவிடவில்லை. ஆனால், “தப்பு என் பேர்லதான்” என்று இப்போதெல்லாம் அவன் சொல்வதில்லை.

இவை நம் கையில் உள்ளவை. சர்க்காரிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. காலி இடங்களையெல்லாம் நிரந்தரமாக நிரப்பு! ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் கொடு! தற்காலிக ஆசிரியர்களையும் விரிவுரையாளர்களையும் நிரந்தரமாக்கு! ஏழை மாணவர் கல்விக் கடனை ரத்துச் செய்! வேலை கொடு; கொடுக்கும்வரை வயிறு நிரம்பும் அளவுக்கு நிவாரணம் கொடு! கண்மாயில் மீன் குஞ்சு விடாமல், “நன்றாகப் பிடி, நன்றாகப் பிடி” என்று கரையில் நின்று கத்துவதில் பிரயோஜனமில்லை.

அந்த அம்மாள் பசு மாட்டை விற்கவில்லை. ஆடு இரண்டை விற்றார். தோடு காதிலேயே இருக்கிறது. மகள் இப்போது புதுக்கோட்டை அரசு மகளிர் கல்லூரியில் கணிதம் முதல் வருஷம். பஸ் பாஸில் போய் வருகிறாள். மூன்று வருஷம் படித்துவிட்டுப் பட்டத்தோடு வருவாள்.

அவள் வரும்போது அவளுக்கு வேலை இருக்க வேண்டும், அந்த வேலைக்கு உத்தரவாதம் இருக்க வேண்டும். அவள் தன் பங்கைச் செய்துகொண்டிருக்கிறாள். நம் பங்குக்கு நம்மிடம் இருப்பதும் அதே மூன்று வருஷம்தான்.